கவுன்சலிங் அறை இருக்கிறது, ஆள்தான் வருவதில்லை. எங்கே தவறுகிறோம்?

விடுதி_வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

ஈரோடு பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறேன். கூடவே ஆண்கள் விடுதிக்குத் துணை வார்டன். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுக்தேப் சாஹா வழக்கில் மாணவர் தற்கொலைகளைத் தடுக்க 15 வழிகாட்டுதல்கள் கொடுத்ததும் எங்கள் நிர்வாகம் முழித்துக்கொண்டது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது வேண்டும், உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும், ஊழியர்களுக்கு வருடம் இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சரி என்று ஒரு மேடத்தை வேலைக்கு எடுத்தார்கள், செப்டம்பரில் அறை திறந்தார்கள். ரிப்பன் வெட்டிய போட்டோ கல்லூரி முகநூலில் இருக்கிறது.

ஐந்து மாதம் ஆயிற்று. 2,800 பேர் படிக்கும் கல்லூரியில் அந்த அறையின் பதிவேட்டில் 9 பெயர். அதில் 6 பேர் வகுப்பில் போன் நோண்டிப் பிடிபட்டு ஹெச்ஓடி (துறைத் தலைவர்) அனுப்பியவர்கள். ஒருவன் பஸ் பாஸ் கேட்டு அறை மாறி வந்தவன்.

அறை பிரின்சிபால் அறைக்கு நேர் எதிரே இருக்கிறது. பதிவேட்டில் உள்ள கட்டங்கள்: பெயர், ரோல் நம்பர், துறை, வந்த நேரம், வந்த காரணம், டியூட்டர் கையெழுத்து. அந்தக் கோடுகளையெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டவன் நான்தான்.

நவம்பரில் என் பிளாக்கில் இரண்டாம் வருடப் பையன் ஒருவனைக் கிட்டத்தட்ட இழந்திருப்போம். பக்கத்து அறைப் பையனுக்கு ஏதோ பொறி தட்டி, போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். அவன் இப்போது வீட்டில் சிகிச்சையில் இருக்கிறான், தேறி வருகிறான். என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. அவன் தினமும் நாலு முறை அந்தக் கவுன்சலிங் அறையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போய் வந்திருக்கிறான்.

கமிட்டியில் திட்டம் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். யோகா, மோட்டிவேஷன் ஸ்பீச் இரண்டையும் விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லுங்கள்.

நடத்துநர்

இழை நல்ல இழை, தொடரட்டும். இரண்டே நிபந்தனை. எப்படி என்ற விவரம் யாரும் எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரிந்து இறந்தவர்களின் பெயரோ கல்லூரியோ வேண்டாம். படிக்கும்போதே யாருக்காவது மனம் தாங்கவில்லை என்றால் இதை மூடிவிட்டு 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு இல்லை. தமிழ்நாட்டில் 104-உம் எடுக்கும். சென்னை சினேகாவின் எண் 044-24640050.

நாற்காலி_இரண்டு

நான் இரண்டு கல்லூரிகளில் கவுன்சலராக இருக்கிறேன், வாரத்தில் மூன்று நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே. சார், உங்கள் பதிவேட்டின் கடைசிக் கட்டம் ஒன்றே போதும், யாரும் வராமல் இருக்க. டியூட்டர் கையெழுத்து போட வேண்டும் என்றால் டியூட்டருக்குத் தெரியும். டியூட்டருக்குத் தெரிந்தால் ஸ்டாஃப் ரூமுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போன் போகும். பையன்கள் முட்டாள்கள் இல்லை.

சட்டப்படியும் அது தப்பு. 2017 மனநல பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில்தான் விலக்கு. அந்த விலக்கை நான் முதல் நாளே மாணவனிடம் சொல்லிவிடுவேன்: "நீ சொல்வது இந்த அறையைத் தாண்டாது. ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் ஒருத்தரிடம் சொல்வேன். யாரிடம் சொல்வது என்று உன்னைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்." இதைச் சொன்னால் பயந்து ஓடிவிடுவான் என்று நினைப்பீர்கள். எனக்கு நேர்ந்தது அப்படியில்லை, அதற்கப்புறம்தான் வாயைத் திறக்கிறார்கள்.

இன்னொன்று நேரம். காலை 9 முதல் 4 வரை நான் உட்கார்ந்திருப்பேன், அவனுக்கும் அதே நேரத்தில்தான் வகுப்பு. என்னிடம் வந்தால் அட்டெண்டன்ஸ் போகும். ஓடி (ஆன் டியூட்டி) கேட்டால் படிவத்தில் காரணம் எழுதி ஹெச்ஓடியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நான் இப்போது ஒரு கல்லூரியில் மதியம் 1 மணிக்கு வந்து ராத்திரி 8 வரை இருக்கிறேன். அறை நூலகத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில். ஜெராக்ஸ் எடுக்கப் போனேன் என்று யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். பதிவேடு கிடையாது, என் நோட்டில் ஒரு எண் மட்டும். மாதக் கடைசியில் நிர்வாகத்துக்கு "இத்தனை பேர் வந்தார்கள், பெரும்பாலும் இன்னின்ன காரணம்" என்று ஒரு பக்கம் கொடுப்பேன், பெயர் இருக்காது.

கரும்பலகை63

ஓய்வு பெற்ற பேராசிரியன். 1979-இல் நானும் விடுதியில்தான் இருந்தேன். மெஸ்ஸில் புழுத்த அரிசி, அப்பாவிடமிருந்து மாதம் ஒரு போஸ்ட் கார்டு, ரேகிங் வேறு. யாரும் கவுன்சலிங் கேட்கவில்லை. இப்போது பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்த்துவிட்டு, ஒரு பேப்பர் போனதற்கே உலகம் இடிந்துவிட்டது என்கிறார்கள். மன உறுதியைச் சொல்லிக் கொடுங்கள், அறை எதற்கு?

நாற்காலி_இரண்டு

ஐயா, 1979-இல் தற்கொலையில் போனவர்களைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்பதால் யாரும் போகவில்லை என்று ஆகாது. காதல் தோல்வி, வயிற்று வலி என்று எழுதி மூடினார்கள். உங்கள் பேட்ச் போட்டோவை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

கரும்பலகை63

பார்த்தேன். இரண்டாவது வரிசையில் ஒருவன். ஊரில் கிணற்றில் தவறி விழுந்துவிட்டதாகத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். நாற்பத்தைந்து வருடத்தில் அதை நான் சந்தேகப்பட்டதே இல்லை. மேலே எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ட்யூட்டி_டாக்டர்

அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலத் துறையில் முதுநிலை படிக்கிறேன். விடுதியில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் கற்றுக்கொடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் கற்றுக்கொடுப்பேன்: நேராகக் கேட்பது.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எல்லாருக்கும் பயம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை, பலருக்குப் பாரம்தான் குறைகிறது. ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் வரும் பதில் "சேச்சே, இல்ல" என்பதுதான். அந்தப் பதிலைத்தான் நாம் கேட்டு வாங்குகிறோம். "மச்சான், ரெண்டு வாரமா நீ சரியில்ல. செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அந்த மௌனம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

ஆமாம் என்றால் அறிவுரை வேண்டாம், "அம்மாவ நெனச்சுப் பாத்தியா" வேண்டவே வேண்டாம். அவன் ஏற்கெனவே அம்மாவுக்குப் பாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன். அன்று ராத்திரி அவனைத் தனியாக விடாதீர்கள். ஆபத்தானது எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உச்ச வேகம் பலருக்குச் சில நிமிடமோ சில மணி நேரமோதான் இருக்கிறது, அதைக் கடத்திவிட்டால் ஆள் கிடைப்பான். இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்ததும், 1995 வாக்கில் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்த தற்கொலை விகிதம் இருபது வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. அத்தனை பேரின் கவலையும் தீர்ந்துவிடவில்லை, கைக்கெட்டவில்லை, அவ்வளவுதான். விடுதி அறையையும் மொட்டை மாடியையும் பாதுகாப்பாக வைக்க அந்த 15 வழிகாட்டுதல்களில் சொல்லியிருப்பதும் இதற்காகத்தான். வெறும் கண்துடைப்பு என்று சிரிக்காதீர்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு எந்நேரமும் உண்டு, மனநலப் பிரிவும் உண்டு.

வெள்ளைக்_காக்கை

டாக்டர், ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று எங்கள் வார்டன் வேண்டாம் என்றே சொன்னார். தனியார் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் டிசி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ட்யூட்டி_டாக்டர்

இந்தப் பயத்தால் தாமதமாக வருகிறவர்களை மாதா மாதம் பார்க்கிறேன். மனநல பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309 புதிய நியாய சன்ஹிதாவில் இல்லவே இல்லை. தற்கொலைக்கு முயன்று அரசு ஊழியரை மிரட்டிப் பணிய வைக்கப் பார்ப்பது பற்றி மட்டும் 226 என்று ஒன்று இருக்கிறது, அது வேறு. மருத்துவமனையில் எம்எல்சி (மருத்துவ-சட்டப் பதிவு) எழுதுவார்கள், அது ஆவணம். அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் கேஸ் கேஸ் என்று அலறுகிறார்கள். டிசி கொடுத்து அனுப்பியதைப் பற்றி நான் எழுதினால் நடத்துநர் வெட்டிவிடுவார்.

ஏழரை_பையன்

மூன்றாம் வருடம், சிவில். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் வழி. முதல் செமஸ்டரில் ஐந்து பேப்பர் கப்பு.

அரியர் விழுந்ததுகூடப் பெரிசாகத் தெரியவில்லை சார். ரிசல்ட் வந்த மறுநாள் வகுப்பில் "ஆல் கிளியர்" பசங்களை ஒருபக்கம், மற்றவர்களை ஒருபக்கம் என்று நிற்க வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் யார் யார் நின்றோம் என்று திரும்பிப் பார்த்தேன். நாலு பேர் ஏழரை, மூன்று பேர் முதல் பட்டதாரி. யாரும் சாதியைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

கவுன்சலரிடம் ஒரு தடவை போனேன். அவர் நல்லவர்தான். "வாட் ஆர் யூ ஃபீலிங் ரைட் நவ்" என்று கேட்டார். எனக்கு அதற்குப் பதில் தமிழிலேயே தெரியாது, இங்கிலீஷில் எங்கே போவது? "ஐ ஆம் ஃபைன் மேம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குத் தப்பில்லாமல் வரும்.

என்னைக் காப்பாற்றியது ஒரு சீனியர் அண்ணன். அவருக்கும் நாலு அரியர். ஞாயிறு சாயங்காலம் டீக்கடைக்குக் கூட்டிப்போய் எம்-ஒன் (முதல் செமஸ்டர்) கணக்கை டீக்கடை பெஞ்சிலேயே சொல்லிக்கொடுத்தார். மனநலம் என்ற வார்த்தையே அவர் வாயில் வந்ததில்லை.

நீலப்பேனா

ஏழரை தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 24 அன்று உயர்கல்வி மாணவர் தற்கொலைகள் பற்றி முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. அந்த வழக்கு டெல்லி ஐஐடியில் இறந்த இரண்டு மாணவர்களின் குடும்பங்கள் நடத்தியது. அதற்கு முன்பே 2019-இல், தற்கொலையில் இறந்த மாணவர்கள் ரோஹித் வெமுலா, பாயல் தத்வி இருவரின் தாய்மாரும் வளாகச் சாதிப் பாகுபாட்டை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். இவ்வளவு தூரம் பெற்றோர்தான் இழுத்துவந்திருக்கிறார்கள். வகுப்பில் இரண்டு வரிசையாக நிற்க வைத்துவிட்டு, கீழ் வரிசைக்காரனை மட்டும் கவுன்சலிங் அனுப்பினால் அந்த மேடம் என்னதான் செய்ய முடியும்? மதிப்பெண்ணை வைத்துப் பிரிப்பதும் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதும் கூடாது என்று அந்த 15-இலேயே இருக்கிறது. உங்கள் கமிட்டி அந்தப் பக்கத்தைப் படித்ததா வாத்தியாரே?

எக்செல்_சித்தர்

எண்ணிக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் நாடு முழுக்க 1,70,924 தற்கொலைகள், அதில் 13,044 பேர் மாணவர்கள். மொத்தத்தில் தேர்வுத் தோல்வி என்று காரணம் எழுதப்பட்டது 1.2 சதவீதம்தான். குடும்பப் பிரச்சினை 31.7, நோய் 18.4. ஆகவே எல்லாவற்றையும் அரியர் தலையில் கட்டாதீர்கள். அதே சமயம் அந்தக் காரணத்தை எழுதுகிறவர் ஸ்டேஷனில் ஒரே ஒரு கட்டத்தை நிரப்புகிறவர். அப்பாவோடு சண்டை என்று எழுதியிருப்பார், சண்டை எதற்கு வந்தது என்று கேட்டால் அரியர் என்று வரும்.

மடித்த_காகிதம்

இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தவன். இன்று எழுதலாம் என்று தோன்றியது. பதினொரு வருடத்துக்கு முன்னால் நான் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தவன். விவரம் வேண்டாம்.

மருத்துவமனையில் ஒரு சிஸ்டரும் டாக்டரும் சேர்ந்து என்னை ஒரு தாளில் எழுத வைத்தார்கள். பாதுகாப்புத் திட்டம் என்றார்கள். என் கையெழுத்திலேயே, என் வார்த்தையிலேயே எழுதச் சொன்னார்கள். அது இன்னும் போன் கவருக்குப் பின்னால் இருக்கிறது, நாலு முறை புதிதாக எழுதி மாற்றியிருக்கிறேன். இப்போதிருப்பதை அப்படியே தருகிறேன்:

"ஆரம்பிக்குதுன்னு எப்படித் தெரியும்: மெஸ்ஸுக்குப் போகாம பிஸ்கட் தின்னுட்டுப் படுத்தா. போன் வந்தா எடுக்கத் தோணலேன்னா. மூணு மணிக்கு முழிப்பு வந்தா. தனியா என்ன செய்யலாம்: குளி. துணி துவை. கையால துவை. எங்க போகலாம்: பஸ் ஸ்டாண்ட், கூட்டமா இருக்கும். யாருகிட்ட சும்மா பேசலாம்: சித்தி, அவ எதுவும் கேக்க மாட்டா. யாருகிட்ட உண்மையச் சொல்லலாம்: செந்திலு. அதுக்கும் அடங்கலேன்னா: டாக்டர், 14416. அறையில எது இருக்கக் கூடாது: செந்திலுகிட்ட குடுத்தாச்சு."

செந்தில் என்பது மாற்றிய பெயர். துணி துவைப்பது ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கு அது வேலை செய்கிறது. உங்கள் பையன் திரும்ப விடுதிக்கு வரும்போது, வாத்தியாரே, அவனிடம் இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், அவன் வரும் அன்று யாரும் மாலை மரியாதை செய்ய வேண்டாம், கண் கலங்கவும் வேண்டாம். பழைய அறை, பழைய ரூம்மேட், மெஸ்ஸில் பழைய இடம். எனக்கு வேறு பிளாக்கில் தனி அறை கொடுத்தார்கள், "சௌகரியமாக இருக்கும்" என்று. அந்தத் தனி அறை போல ஒரு கொடுமை இல்லை.

விடுதி_வாத்தியார்

காகிதம் அண்ணா, நன்றி. நாங்களும் தனி அறைதான் யோசித்து வைத்திருந்தோம். மாற்றிவிட்டோம்.

கமிட்டி முடிந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது. அறை நூலகக் கட்டிடத்துக்கு மாறுகிறது. நேரம் மதியம் 2 முதல் 8. பதிவேட்டைக் கைவிட பிரின்சிபாலுக்கு மனசில்லை, "ஆடிட்டில் கேட்பார்களே" என்றார். கடைசியில் பெயர் இல்லாமல் எண் மட்டும், டியூட்டர் கையெழுத்துக் கட்டம் போச்சு. ஆல் கிளியர் வரிசை நிறுத்தம் என்று சுற்றறிக்கை விடச் சொன்னேன். இரண்டு ஹெச்ஓடிகள் என்னோடு இப்போது பேசுவதில்லை. ரிசல்ட் வந்த கையோடு அரியர் பேப்பருக்குச் சிறப்பு வகுப்பு கேட்டேன், நடக்கும் போலிருக்கிறது. பள்ளித் தேர்வில் தவறியவர்கள் ஒரு வருடம் வீணாகாமல் அதே வருடம் துணைத்தேர்வு எழுதும் வழியைச் சுட்டிக்காட்டித்தான் வாதாடினேன். மறுவாய்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி மூச்சு திரும்பும்.

ரிசல்ட் இரவு பற்றி மட்டும் கொஞ்சம் எழுதுகிறேன். வழக்கமாக 10 மணிக்கு மெஸ் பூட்டிவிடுவார்கள். அன்று ராத்திரி 8 மணிக்கு மேல் ரிசல்ட் என்று வாட்ஸ்அப்பில் ஓட ஆரம்பித்ததும் மெஸ் மாஸ்டரிடம் போய், 1 மணி வரை டீ போடுங்கள் என்று கேட்டேன். பால் இல்லை என்றார். கட்டஞ்சாயா போதும் என்றேன். சர்வர் வழக்கம்போல முடங்கிவிட்டது. சுமார் அறுபது பேர் டம்ளரும் போனுமாக உட்கார்ந்து ரெஃப்ரெஷ் அழுத்திக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் நான் எதுவும் சொல்லவில்லை, டம்ளர் மட்டும் கழுவினேன். அறையில் தனியாக ரிசல்ட் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நான்கு சீனியர்களை அனுப்பி, கதவு கதவாகத் தட்டி டீக்குக் கூப்பிட்டு வரச் சொன்னேன். ஒருவன் மட்டும் வரவில்லை. தூங்கிவிட்டானாம், உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்பித் திட்டு வாங்கினார்கள்.

ஒரு விஷயம் மட்டும் மிச்சம். அரியர் விழுந்தால் கல்லூரியிலிருந்து பெற்றோருக்குத் தானாகப் போகும் எஸ்எம்எஸ். "யுவர் வார்டு ஹேஸ் ஃபெயில்டு இன் 3 சப்ஜெக்ட்ஸ், மீட் ஹெச்ஓடி இம்மீடியட்லி." இதற்குப் பதில் டியூட்டரே போன் செய்யட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். என்ன பேசுவது என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு வரவில்லை.

தறிக்காரம்மா

குமாரபாளையத்திலிருந்து எழுதுகிறேன் தம்பி. என் பையன் படித்த கல்லூரியிலிருந்து அந்த எஸ்எம்எஸ் எனக்கும் வந்தது. இங்கிலீஷ் தெரியாது, தறிப்பட்டறையில் பக்கத்துப் பெண்ணிடம் காட்டினேன். அவள் சத்தமாகப் படித்தாள். பட்டறையே கேட்டது. அந்தக் கோபத்தில் அவங்கப்பா அவனுக்குப் போன் போட்டு என்ன பேசினார் என்று இங்கே எழுத முடியாது. பையன் இப்போது நல்லாயிருக்கிறான், அன்றைக்கு அவன் மாமா வீட்டில் இருந்ததால் தப்பித்தோம்.

இப்படிப் பேசச் சொல்லுங்கள்: "அம்மா, நான் உங்க பையனோட வாத்தியார் பேசறேன். பையன் நல்லா இருக்கான், இங்கதான் இருக்கான். மூணு பாடம் நின்னுபோச்சு, அடுத்த தடவை எழுதிக்கலாம், நாங்க சொல்லித் தர்றோம். அவனுக்கே ரொம்பக் கஷ்டமா இருக்கு. நீங்களோ அவங்கப்பாவோ இன்னைக்கு அவனைத் திட்ட வேண்டாம். சாயங்காலம் கூப்பிட்டு சாப்பிட்டியான்னு மட்டும் கேளுங்க."

விடுதி_வாத்தியார்

அம்மா, இதை அப்படியே டைப் அடித்து எல்லா டியூட்டருக்கும் கொடுக்கிறேன். ஒரே ஒரு மாற்றம் செய்துகொள்ளலாமா? "பையன் நல்லா இருக்கான், இங்கதான் இருக்கான்" என்பதை வாத்தியார் பெயருக்கும் முன்னால் கொண்டுவருகிறேன்.

தறிக்காரம்மா

அதுதான் சரி தம்பி. கல்லூரி நம்பர் வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.